வலது பக்கமாக ஒரு இழுப்பு

ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடித்தது. பெரியவன் அதை அணைத்தான். பல் தேய்த்தான். குளித்தான். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டான். பாலை அடுப்பில் வைத்து, பொங்கும் முன் இறக்கினான். இரண்டு டம்ளர் காபி கலந்தான். ஒன்றை மூடி வைத்தான். இன்னொன்றோடு பால்கனிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு சிகரெட் பிடித்தான். அணைத்த சிகரெட் துண்டைத் தண்ணீர் டப்பாவில் போட்டான். உள்ளே வந்தான்.

கல்யாணமான ஒன்பது வருடமாக இதே வரிசைதான். மாறியது ஒன்றே ஒன்று. முன்பெல்லாம் பால்கனிக் கதவு திறந்ததும் சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வரும்.

"ஆச்சா? இன்னிக்கு முதல் புகையைப் போட்டாச்சா?"

இரண்டு வருடமாக அந்தக் குரல் வருவதில்லை. அவனும் நிம்மதி என்றுதான் இருந்தான்.

இன்று குரல் வந்தது. ஆனால் ஹாலிலிருந்து. அவனுக்காகவும் இல்லை.

"தம்பி, வாயைத் திற. இன்னும். ம்ஹூம், நாக்கை உள்ள இழு. அது என்ன, நான் பார்க்கும்போதெல்லாம் வேடிக்கை பார்க்க முன்னாடி வந்து நிக்குது?"

சோபாவில் சின்னவன் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான். அவன் முன்னால் அவள் முழங்கால் போட்டு உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். மூடி வைத்த காபி அப்படியே இருந்தது.

சின்னவன் இந்த வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. திரைச்சீலைக் கடையில் சேல்ஸ்மேன். கடைக்காரர்கள் அவனை இந்த ஊர்க் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். அறை கிடைக்கும்வரை என்று ஒரே ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டில் வந்து இறங்கினான். இறங்கிய வாரமே கீழ்த்தாடையின் இடது கோடியில் ஞானப்பல் குறுக்கே படுத்துக்கொண்டு, முன்னால் நின்ற பல்லை முட்ட ஆரம்பித்தது. அண்ணியோ பல் டாக்டரம்மாவிடம் உதவியாளர். விடுவாளா? போன திங்கட்கிழமை பல்லை எடுத்தாயிற்று. இன்று வியாழன்.

அன்று டாக்டரம்மா சின்னவனிடம் ஒரே ஒரு கண்டிப்பான வார்த்தை சொல்லியிருந்தார். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து மூடி மாதிரி நிற்கும். அந்த மூடிதான் மருந்து. எதையும் உறிஞ்சினால் மூடி பெயர்ந்துவிடும். புகை பட்டால் காயத்துக்கு ரத்தமே ஒழுங்காகப் போகாது. ஒரு வாரத்துக்கு சிகரெட்டை மறந்துவிட வேண்டும்.

நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதித் தள்ளுகிறவன் சின்னவன். ஆனாலும் அண்ணி கையைப் பிடித்துச் சத்தியம் செய்துவிட்டான். அவள் ஒரு தாளில் கட்டம் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். மாத்திரை, உப்புத் தண்ணீர், புகை இல்லை. நாளுக்கு மூன்று கட்டம். ஒவ்வொன்றிலும் தன் கையாலேயே டிக் போட்டாள்.

பெரியவன் தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் அந்தத் தாள் அவன் முகத்துக்கு நேராக நின்றது.

"வலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அவள்.

"கொஞ்சம். காதுக்குள்ள யாரோ துளை போடற மாதிரி."

"நேத்து காலைல இல்லையே?"

"ராத்திரிதான் ஆரம்பிச்சது அண்ணி."

அவள் டார்ச்சை அணைத்தாள். மூக்கைச் சின்னவன் வாயருகே கொண்டுபோய் ஒரு விநாடி வைத்தாள். நிமிர்ந்தாள்.

"புகை?"

"இல்ல அண்ணி."

பதில் சரிதான். ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் சின்னவன் அண்ணனைப் பார்த்தான்.

பல் எடுத்தவர்களை மூன்றாம் நாள் போனில் கூப்பிட்டு விசாரிப்பது கிளினிக்கில் அவள் வேலை. வலி இருக்கிறதா, ரத்தம் கசிகிறதா, புகைத்தீர்களா? பதிலை அவள் நம்புவதில்லை. பதிலுக்கு முன்னால் வரும் அமைதியைத்தான் கேட்பாள். பெரியவனுக்கு அது நன்றாகத் தெரியும். காபி டம்ளரைக் கழுவுகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டான்.

"ஒன்பதரைக்கு கிளினிக்குக்கு வந்துடு. டாக்டரம்மா பார்க்கட்டும்" என்றாள் அவள். "என்னங்க, காபி ஆறிப்போச்சா?"

"ஆறிப்போச்சு."

"சரி, அப்படியே குடிச்சுடறேன்."

நின்றபடியே ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

பெரியவன் லிஃப்ட் மெக்கானிக். அன்றைக்கு ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் வேலை. கீழே 'பழுது பார்க்கப்படுகிறது' பலகையை மாட்டினான். மொட்டை மாடியில் இருந்த மெஷின் அறைக்கு ஏறினான். மோட்டாரை நிறுத்தினான். பிரேக் கட்டைக்கும் உருளைக்கும் நடுவே மெல்லிய தகட்டைச் செருகி இடைவெளி பார்த்தான். சரியாக இருந்தது. மறுபடி பார்த்தான். கை வேலை செய்தது. மனசு நேற்றுச் சாயங்காலத்திலேயே நின்றது.

நேற்று ஐந்து மணி வாக்கில் வீட்டு மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தான். சின்னவன் வீங்கின கன்னத்தோடு மேலே வந்தான். பெரியவன் ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தான்.

"அந்தப் பக்கம் ஊதுண்ணே. அண்ணிக்கு வாக்கு குடுத்திருக்கேன்."

"ரெண்டு நாளா ஒண்ணுகூட இல்லையா?"

"ரெண்டு நாள் ஏழு மணி நேரம். அண்ணி மணிக்கணக்குல சொல்றாங்க. காலைல என்ன சொன்னாங்க தெரியுமா? உன்னை நினைச்சா எனக்கே பெருமையா இருக்கு தம்பின்னாங்க."

சொல்லிவிட்டு, ஒரு பக்கக் கன்னத்தால் சிரித்தான்.

பெருமை. அந்த வார்த்தை பெரியவன் தொண்டையில் மீன்முள்ளாக மாட்டிக்கொண்டது. அவனும் ஒருகாலத்தில் வாக்கு கொடுத்தவன்தான். வாக்குக்கு என்ன குறைச்சல்? கல்யாணமான புதிதில் வாரம் ஒன்று கொடுத்தான். அதிகபட்சம் தாக்குப்பிடித்தது நான்கு மணி நேரம். அதுவும் ரயிலில், டிக்கெட் பரிசோதகர் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டதால். ஏழு வருடம் அவள் சலிக்காமல் கேட்டாள், கெஞ்சினாள், பாக்கெட்டை ஒளித்து வைத்தாள், சண்டை போட்டாள். அப்புறம் ஒரு நாள் நின்றுபோனது. ஆசை அலுத்துவிட்டது போலும் என்று இருந்தான். இப்போது பார்த்தால், அதெல்லாம் தீர்ந்துபோகவில்லை. பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள். நேற்று வந்தவனுக்கு வாரி வாரிக் கொடுக்கிறாள்.

பெரியவன் பாக்கெட்டை நீட்டினான்.

சின்னவன் கேட்கவில்லை. அதுதான் முக்கியம். கேட்டிருந்தால்கூட மனசு இவ்வளவு உறுத்தாது.

"வேணாம்ணே. உறிஞ்சக்கூடாது."

"உறிஞ்சினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு. காயம் இடது பக்கம். பஞ்சை நாலா மடிச்சு, வாஷர் மாதிரி வெச்சு, அழுத்திக் கடிச்சுக்கோ. வலது பக்கமா மெதுவா இழு. அடைச்சாச்சுன்னா காத்து எப்படி அந்தப் பக்கம் போகும்?"

பேசப் பேச அவனுக்கே அது சரியாகத்தான் பட்டது. எத்தனை குழாய்க் கசிவை அப்படி நிறுத்தியிருக்கிறான்! சின்னவனுக்கோ சின்ன வயதிலிருந்து அண்ணன் கை வைத்த எதுவும் பழுதானதில்லை. சைக்கிள், ரேடியோ, பள்ளிக்கூடப் பை ஜிப். கிளினிக்கில் கொடுத்த பஞ்சைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மடித்துக் கடித்தான். இடது கன்னத்தைக் கையால் அழுத்திக்கொண்டான். உதட்டின் வலது ஓரத்தில் சிகரெட்டை வைத்து, குழந்தை மருந்து குடிக்கிற மாதிரி ஒரு இழுப்பு இழுத்தான். கண்ணை மூடினான்.

முழுசாக முடித்தான்.

மூன்று வாரத்தில் முதல் முறையாகப் பெரியவனுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. கீழே போய் உட்கார்ந்துகொண்டான். அவள் வந்தாள். கேட்டாள். சின்னவன் "இல்ல அண்ணி" என்றான். அவள் டிக் போட்டாள். வெறும் கட்டமாகக் கிடக்கட்டும் என்றுதானே இத்தனையும் செய்தான்? அந்த டிக்கைப் பார்த்ததும் வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.

மெஷின் அறையில் போன் அடித்தது. அவள்தான்.

"மணி பத்தாச்சு. தம்பி இன்னும் வரலை. போனையும் எடுக்கலை. நீங்க கொஞ்சம் போய்ப் பாருங்களேன். எனக்கு இங்க கையும் ஓடலை, காலும் ஓடலை."

போன மாதம் அவனுக்கு மூன்று நாள் காய்ச்சல். அவளுக்குக் கையும் ஓடியது, காலும் ஓடியது, வேலைக்கும் போனாள். அதை நினைத்துக்கொண்டேதான் மோட்டாரை மறுபடி ஓடவிட்டு, பலகையைக் கழற்றிவிட்டு இறங்கினான்.

சின்னவன் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தான். காதின் மேல் ஈரத் துண்டு. கண்ணிலிருந்து தண்ணீர் தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஆறடி ஆள், இருட்டில் தனியாக விட்ட குழந்தை மாதிரி சுருண்டிருந்தான்.

"அண்ணே, தலையை வெட்டி எடுத்துட்டாக்கூடப் பரவால்லண்ணே."

பெரியவன் ஈரத் துண்டை வாங்கி ஓரமாக வைத்தான். அவனைத் தூக்கி நிறுத்தினான். பைக்கில் பின்னால் உட்கார வைத்து, கைகளைத் தன் இடுப்பைச் சுற்றி வைத்தான்.

சிக்னலில் நின்றபோது முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது.

"நீ கவலைப்படாதே. உன் பேரை நான் எடுக்க மாட்டேன்."

"எடுத்தா என்னடா?"

"அண்ணி உன்னைக் கொன்னுடுவாங்க."

கொல்ல மாட்டாள். அதுதானே விஷயம். பெரியவன் வண்டியைக் கிளப்பினான்.

"ஆனா ஒண்ணு கேக்கட்டுமா? நான் கேக்கவே இல்லையே. எதுக்குண்ணே குடுத்தே?"

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. காதில் விழாத மாதிரி இருந்துவிட்டான்.

கிளினிக்கில் டாக்டரம்மா விளக்கை இழுத்து, கண்ணாடியைச் செருகி, ஒரு பார்வைதான் பார்த்தார்.

"மூடி போயிடுச்சு. எலும்பு வெளியே தெரியுது. காத்து பட்டாலே உயிர் போகுமே. புகைச்சீங்களா?"

சின்னவன் வாயில் கருவி. கண்ணை மட்டும் உருட்டினான்.

"எத்தனை?"

ஒரு விரல்.

டாக்டரம்மா குழியைக் கழுவி, மருந்தில் தோய்த்த துணித் துண்டை உள்ளே வைத்தார். அறை முழுக்கக் கிராம்பு வாசனை வந்தது. ஐந்து நிமிடத்தில் சின்னவன் தோள் இறங்கியது. நாளைக்கு வந்து மருந்தை மாற்ற வேண்டும், அவசரப்பட்டுப் பயனில்லை, குழி ஆறுவதற்கு இன்னும் பத்து நாளாவது ஆகும் என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

கதவு சாத்திக்கொண்டது. அவள் கையுறையைக் கழற்றினாள்.

"யாருக்காகடா நான் மூணு நாளா முழிச்சிட்டிருக்கேன்? உன் வாய்க்குள்ள இருக்கறது வாயா, புகைபோக்கியா? ஒரு வாரம்! ஒரே ஒரு வாரம் கேட்டேன். உன் சொத்தையா கேட்டேன்? என் முகத்தைப் பார்த்து, இல்ல அண்ணின்னு எப்படிடா சொல்ல வந்துச்சு? நானும் மடச்சி மாதிரி டிக் போட்டிருக்கேன்! உனக்கு ஒண்ணுன்னா நாங்க யாரைப் போய்க் கேக்கறது?"

மூச்சு விடாமல் பொழிந்தாள். குரல் உடைந்து, சேர்ந்து, மறுபடி ஏறியது. சுவரோரம் நின்ற பெரியவன் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டான். புகைபோக்கி அவனுடையது. உன் சொத்தையா கேட்டேன், அதுவும் அவனுடையது. யாரைப் போய்க் கேக்கறது என்று அவள் அழுத ஒரு மழைநாள் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. எல்லாம் அவனுக்கென்று தைத்த திட்டுகள். அளவுகூட மாற்றாமல் தம்பிக்கு எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

"பாக்கெட் எங்கேர்ந்து வந்துச்சு?"

"நானே வாங்கினேன் அண்ணி. முனைக் கடைல." சின்னவன் வாயைப் பாதி திறந்து குழறினான். "சும்மா இழுக்கலை. பஞ்சை வாஷர் மாதிரி வெச்சு அடைச்சுட்டு, வலது பக்கமாத்தான் இழுத்தேன். காத்து அந்தப் பக்கம் போகாதுன்னு..."

திட்டு அந்த இடத்தில் நின்றது.

குடத்தில் தண்ணீர் நிரம்பியதும் குழாயை மூடுகிற மாதிரி, அவ்வளவுதான். திரைச்சீலை விற்கிறவன் வாயில் வாஷர் என்கிற வார்த்தை எப்படி வந்தது? மெல்லத் தலையைத் திருப்பிச் சுவரோரம் பார்த்தாள். பெரியவன் தரையைப் பார்த்தான். சதுரச் சதுரமாக வெள்ளை ஓடுகள்.

"போய்ப் படுத்துக்கோ தம்பி" என்றாள், வேறு ஒரு குரலில். "மாத்திரை எட்டு மணி நேரத்துக்கு ஒண்ணு. சூடா எதுவும் குடிக்காதே."

"அண்ணி, கோவமா?"

"உன் மேல இல்ல."

பெரியவன் தம்பியை வீட்டில் விட்டான். தலையணையைச் சரிசெய்தான். மதியம் இன்னொரு கட்டடத்தில் கதவு சரியாக மூடாத லிஃப்டைப் பார்த்தான். சட்டைப் பையில் பாக்கெட் இருந்தது. நான்கு முறை கை போனது. நான்கு முறையும் எடுத்தான். நான்கையும் பிடித்தான். எதுவுமே ருசிக்கவில்லை.

ஐந்தரைக்கு கிளினிக் வாசலில் போய் நின்றான். வழக்கமாக அவள் பஸ்ஸில்தான் வருவாள். அவன் போய் அழைத்து வந்து எத்தனையோ காலம் ஆகிறது.

அவள் உள்ளே கருவிகளைத் துடைத்துத் தட்டில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"தம்பி தூங்கறானா?"

"தூங்கறான்." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "நான்தான் குடுத்தேன்."

"ம்."

"அவன் கேக்கலை. வேணாம்னான். நான்தான் நீட்டினேன். வாஷர் யோசனையும் என்னோடதுதான்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் ஒண்ணுமே சொல்லலை?"

"தம்பி எதிர்ல என்ன சொல்றது?"

"இப்ப அவன் இல்லையே. திட்டு."

அவள் ஒரு இடுக்கியை விளக்கில் பிடித்துப் பார்த்தாள். துடைத்தாள். வைத்தாள்.

"எதுக்குத் திட்டணும்?"

"அவனை அந்தத் திட்டு திட்டினியே! நீட்டினதை இழுத்ததுக்கே அவ்வளவு. நீட்டினவன் நான் நிக்கறேன், ஒண்ணுகூட இல்லையா?"

"அவனுக்கு வலிச்சது. அந்தப் பதட்டத்துல வந்துச்சு."

"எனக்கு வந்ததில்லையா பதட்டம்? ஏழு வருஷம் வந்துச்சே! இப்ப அவனுக்குக் கட்டம் போடறே. மணிக்கணக்கு சொல்றே. பெருமையா இருக்குன்றே." குரல் தன் கட்டுப்பாட்டில் இல்லை என்பது அவனுக்கே கேட்டது. "மூணு வாரமா அவனைப் பார்த்தா எனக்கு எரியுது. என் தம்பி அவன். அவன் வாய்ல புண்ணை வெச்சு அனுப்பிட்டு, அப்பவும் எனக்கு எரியுது. அவன் நல்லா இருக்கக்கூடாதுன்னு இல்ல. நீ அவன்கிட்ட கேக்கக்கூடாது, அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கு விளங்கியது. வெளியே யாரோ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனார்கள்.

அவள் தட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். வெள்ளை அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் எதிரே வந்து நின்றாள். கோபம் இல்லை. அழவும் இல்லை. மூன்றாம் நாள் போனில் பேசும்போது இருக்கிற அதே பொறுமைதான் முகத்தில் இருந்தது.

"என்கிட்ட கேக்கறதை ரெண்டு வருஷமா நிறுத்திட்டியே" என்றான் அவன், கடைசியாக, மெதுவாக.

அவள் அவனுடைய சட்டைப் பையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் நிறுத்தினேன்னு நீங்க ஒரு தடவைகூட என்கிட்ட கேக்கலையே."